பிள்ளையாருக்குக் கட்டிய கட்டு

முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்புகிற வயதுக்கு, ஒரே தெருவில் வளர்ந்த நாம் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டோம். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் கவனித்தேன். எழும்பும்போது ஒருவர் "முருகா" என்றார், ஒருவர் "மாதாவே" என்றார், இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் மனைவியின் தோளைப் பிடித்தார். இந்த முழங்கால்கள்தான் ஒரு கோடை முழுக்க மல்கிரேவ் ஓடைக்கரையில் களிமண் மிதித்தன என்று சொன்னால் உங்கள் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பெயர் சொல்லி யாரையும் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. மிதித்தவர்களுக்குத் தெரியும். மிதிக்காமல் நிழலில் இருந்து மிக்ஸர் தின்றவர்களுக்கும் தெரியும்.

என் அப்பாவைப் பற்றி உங்கள் வீடுகளில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கோயில் கட்டத் தொடங்கியபோது வீடு தேடி வந்து கேட்டும் வராத இஞ்சினியர், பெருமை பிடித்த மனுசன் என்று. அவர் ஏன் வரவில்லை என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஓடைக்கரையில் நின்ற ஒரு மரத்தைச் சொல்லவேண்டும். அந்த மரத்தைக் காப்பாற்றப் போய்த் தானே அதைக் கொன்றுவிட்டதாக அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

நம் தெரு அப்போது மல்கிரேவ் என்ற புறநகரின் விளிம்பு. ஊரில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, கிடைத்த விசாவோடு இந்த நாட்டுக்கு வந்த குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே வாடகைக்கு வந்தன. தெரு முடிகிற இடத்தில் முள்ளுக்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பால்பண்ணை அன்ரியின் காணி சரிந்துபோய் ஓடையில் முடியும். அவர் ஒரு வெள்ளைக்கார விதவை. கணவர் போனபின் மாடுகளையும் விற்றுவிட்டுத் தனியே இருந்தார். மாடே இல்லாத வீட்டுக்குப் பால்பண்ணை என்று பெயர் வைத்தது நாம்தான். அவருக்கு அந்தப் பெயர் கடைசிவரை தெரியாது.

காணியின் கீழ்ப்பகுதி தட்டையான பள்ளம். காடு அங்கேதான் இருந்தது. காடு என்றதும் நெருங்கி இருண்டது என்று நினைக்காதீர்கள். பெரிய பெரிய ரெட் கம் மரங்கள், ஒன்றுக்கொன்று இடம் விட்டு, ஓடையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. அடிமரத்தை நாலைந்து பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாது. பட்டை உரிந்து சாம்பலும் வெண்ணெய் நிறமும் செம்மண் நிறமுமாகத் திட்டுத்திட்டாய் இருக்கும். மழை பட்டால் அத்தனை நிறமும் கழுவி வைத்ததுபோலத் தெளியும். ஒவ்வொரு மரத்திலும் பொந்துகள். கிளிகளுக்கு ஒன்று, பொசம் என்கிற நீளவால் பிராணிக்கு ஒன்று, வாத்துக்கும் ஒன்று. வாத்துக்குஞ்சுகள் அந்த உயரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று குதித்து, ஒன்றுமே நடக்காததுபோலத் தாயின் பின்னால் நடந்து போனதை நாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறோம்.

காற்றே இல்லாத கோடை மத்தியானத்தில் வெடிச் சத்தத்தோடு ஒரு கொப்பு முறிந்து விழும். வந்த புதிதில் அந்தச் சத்தத்துக்கு நம் வீடுகளில் பெரியவர்கள் கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், பிள்ளைகள் எங்கே என்று கத்தினார்கள். பிறகு பழகிவிட்டது. விழுந்த கொப்பை யாரும் அகற்றுவதில்லை. அதற்குக் கீழே நீலநாக்குப் பல்லி குடும்பம் நடத்தும்.

வந்த முதல் மாதமே அம்மா அந்தப் பள்ளத்துக்கு இறங்கிப் போனார். மற்ற மரங்களைவிடச் சற்று மேட்டில் தனியே நின்ற ஒரு கிழட்டு மரத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ, மருது!"

அப்பா சிரித்தார். "மருதுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. இது யூகலிப்டஸ். மேட்டுநிலத்து மரமப்பா. தண்ணி கூடினால் தாங்காது."

ஊரில் மருது என்றால் குளத்தங்கரையில் வேரைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்கிற மரம். அம்மாவுக்கு அது மருதுதான். அப்பா கண்ட யூகலிப்டஸ், வவுனியாப் பக்கம் வறண்ட மேட்டில் வரிசையாக நட்டு வளர்த்தவை. சதுப்பு நிலத்தை வற்ற வைக்க நடுகிற மரம் என்று புத்தகத்தில் படித்தவர். யூகலிப்டஸிலேயே வெள்ளத்துக்குப் பிறந்த சாதி ஒன்று உண்டு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அப்பா வன்னியில் குளங்களுக்குப் பொறுப்பான நீர்ப்பாசன இஞ்சினியராக இருந்தவர். மாரி வந்தால் எந்தக் கட்டில் எந்த இடத்தில் நீர் கசியும் என்பது அவருக்கு மனப்பாடம். இங்கே வந்து கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் தகடு அடிக்கிற அச்சு மெஷினுக்கு முன்னால் நின்றார். ஊரில் அவரைக் கண்டால் கமக்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். இங்கே போர்மன் அவரைத் தம்பி வயதுப் பொடியன் ஒருவனோடு சேர்த்து "பாய்ஸ்" என்று கூப்பிட்டான். அதை அப்பா வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரித்தேன்.

வன்னியில் குளக்கட்டு இருந்தால் பிள்ளையாரும் இருப்பார். மரத்தடியில் ஒரு கல்லை வைத்துக் கும்பிட்டால் அவர்தான் பிள்ளையார், வேறு சோடனை தேவையில்லை. அம்மா ஓடைக்குள் தொந்தி மாதிரி உருண்ட ஒரு கல்லை எடுத்து, கிழட்டு மரத்தின் அடியில் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் விளக்குக் கொண்டுபோனார். ஊரில் அவருடைய தங்கச்சிமார் இரண்டு பேரும் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றுதான் அவர் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பால்பண்ணை அன்ரி வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, உங்கள் குட்டிப் பையனுக்குக் குளிராதா என்று கேட்டார். அனுமதி என்றால் அதுதான் அனுமதி.

அந்த வசந்தத்தில் வெள்ளம் வந்தது. வெள்ளம் என்றால் இரைந்து பாய்ந்து வரும் என்று நாம் நினைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தபோது புல் நனைந்திருந்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் கணுக்கால் மட்டும். அதற்கடுத்த நாள் முழுப் பள்ளமும் ஒரே தண்ணீர். பால் விடாத பிளேன்ரீ நிறத்தில், அசையாமல், ஒரு மரத்துக்கு இரண்டாய்த் தலைகீழாய்க் காட்டிக்கொண்டு கிடந்தது. ஊறிய இலைகளின் மணம் தெரு முழுக்க வந்தது. எங்கிருந்து வந்தன என்று தெரியாத தவளைகள் "டொங்க், டொங்க்" என்று தளர்ந்த கம்பியைச் சுண்டுவதுபோலக் கத்தின. கொக்குகளும் அன்றில்களும் வந்து இறங்கின.

நாம் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். இறைச்சித் துண்டை நூலில் கட்டி, யாபி என்கிற கொடுக்கு வைத்த ஓடை றால் பிடித்தோம். உங்களில் ஒருவரின் பெருவிரலை அது கவ்விப் பிடித்ததும், நீங்கள் தமிழில் சொன்ன வார்த்தையை உங்கள் அம்மா வேலிக்கு இங்கால் நின்று கேட்டதும் நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டுக் குசினியில் அவை தகரத்தில் அடைத்த பால் விட்டுக் குழம்பாகின. மன்னார் அங்கிள் ஒரு காலை எடுத்து உறிஞ்சிப் பார்த்து, "நண்டுக்கும் றாலுக்கும் கலியாணம் நடந்திருக்கு. யாரும் எங்களுக்குச் சொல்லேல்லை" என்றார். அவர் வள்ளம் கட்டுகிற குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர். அப்பாவோடு அதே தொழிற்சாலையில் வெல்டிங் செய்தார். தெருவில் அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதர்.

பிள்ளையார் தண்ணீருக்கு அடியில் போய்விட்டார். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரிலிருந்து செய்தி வராத நாட்கள் அவை, எதைக் கண்டாலும் அபசகுனமாகத் தெரிந்தது. அப்பாவுக்குக் கவலை வேறு.

"வேர் மூச்செடுக்கேலாதப்பா. ரெண்டு மூண்டு மாசம் உப்பிடி நிண்டால் அழுகிப் போடும். பிள்ளையாரும் போய், மரமும் போயிடும்."

"அப்ப என்ன செய்யிறது?"

அப்பா சாப்பாட்டு மேசையில் சிந்திய தண்ணீரை விரலால் வளைத்து ஒரு கோடு இழுத்தார். "ஒரு கட்டுக் கட்டுவம்."

அவர் முகம் அப்படி வெளித்ததை நான் இந்த நாட்டில் அதற்கு முன் கண்டதில்லை.

தண்ணீர் வடிந்து பள்ளம் காய்ந்ததும் வேலை தொடங்கியது. முதல் பிரச்சினை மண்வெட்டி. இங்கே கடையில் கிடைத்தது நீளப் பிடி போட்ட ஷவல். "இது ஆளைப் புதைக்கத்தான் சரி, கட்டுக்கட்ட உதவாது" என்றார் அப்பா. மன்னார் அங்கிள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டி, அச்சாக ஊர் மண்வெட்டி ஒன்று செய்து, கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்.

"இஞ்சினியர், இந்து சாமிக்குக் கத்தோலிக்க மண்வெட்டி. உங்கட ஆள் கோவிக்கமாட்டாரோ?"

"அவர் சாப்பாட்டு விசயத்தில மட்டுந்தான் பிடிவாதம்" என்றார் அப்பா.

பால்பண்ணை அன்ரி தன் பழைய டிராக்டரில் களிமண் இழுத்துக் கொடுத்தார். அவருடைய கணவர் ஆயுள் முழுக்க அந்தப் பள்ளத்தை வற்ற வைக்க வாய்க்கால் வெட்டி வெட்டித் தோற்றவராம். தண்ணீரை எதிர்க்கிற ஒருவர் பக்கத்து வீட்டுக்கு வந்ததில் அவருக்குப் பெரிய சந்தோசம். தப்பு என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

கட்டு மரத்தைச் சுற்றி வட்டமாக வந்தது. ஒரு படை மண் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கவேண்டும், பிறகு அடுத்த படை. ஊரில் அதற்கு எருமை விடுவார்கள். இங்கே நாம்தான் எருமைகள். சனி ஞாயிறுகளில் தெருப் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாகச் சுற்றிச் சுற்றி மிதித்தோம். அப்பா நடுவில் நின்று, "குதிகாலால, குதிகாலால! டான்ஸ் ஆடாதையுங்கோ!" என்று கத்துவார். கடைசியில் சரிவில் புல்லுப் பாளங்களைப் பதித்தோம். தண்ணீர் திறந்துவிடுகிற மதகை எங்கள் பக்கத்தில் துருசு என்பார்கள். இதற்குத் துருசு இல்லையா என்று அம்மா கேட்டதற்கு, "குளத்துக்குத்தான் துருசு. இது தண்ணி உள்ளுக்கு வராமல் கட்டுற கட்டு" என்றார் அப்பா.

தைப்பொங்கலைக் கட்டின் மேல்தான் பொங்குவது என்று முடிவானது. இங்கே தை மாதம் உச்சக் கோடை. அன்று அனல் காற்று, வெளியே நெருப்பு மூட்டத் தடை என்று வானொலியில் சொல்லியிருக்கிறார்கள். நமக்கு எங்கே தெரியும்? கல்லு வைத்து, விறகு அடுக்கி, மன்னார் அங்கிள் நெருப்புக்குச்சியை உரசப் போன நேரம் பால்பண்ணை அன்ரி இரண்டு வாளித் தண்ணீரோடு வேலியைத் தாண்டி ஓடிவந்து, விறகு, பானை, அம்மாவின் சேலை எல்லாவற்றின் மேலும் ஊற்றினார். பிறகு விசயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அவரே எங்கள் குசினியில் நின்று காஸ் அடுப்பில் பொங்கல் பொங்குவதைப் பார்த்தார். பானையோடு கட்டுக்கு ஊர்வலம் போனோம். அவர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வசந்தத்திலும் வெள்ளம் வந்தது. பள்ளம் முழுக்கத் தண்ணீர். நடுவில் நம் கட்டு, அதற்குள் ஈரம் படாத புல், மரம், காய்ந்த பிள்ளையார். ஒரு சொட்டுக் கசியவில்லை. அப்பா கட்டின் மேல் வெறுங்காலோடு நடந்தார். குனிந்து குனிந்து பார்த்தார், தட்டினார், மறுபடி நடந்தார். வேலைக்குப் போகவேண்டும் என்று அம்மா கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. இந்த நாட்டில் அவர் கையால் கட்டிய முதல் வேலை அது. அது நின்றது. எனக்கு அன்று அப்பாவை நினைக்கப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை இன்றைக்கும் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் மஞ்சள் மெஷின்கள் வந்தன. ஓடை அதுவரை பாம்புபோல நெளிந்து ஓடியது. மேலே புது வீடுகள் வருகின்றன, தெருக்களில் தண்ணீர் ஏறக்கூடாது என்று அதை ஆழமாகவும் நேராகவும் வெட்டினார்கள். அப்பா எங்களை வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "எவ்வளவு வடிவான சாய்வு! ஒரு நூல் பிழைக்கேல்லை பாத்தியா?" என்றார். ஓட்டுநர் ஒருவர் அவருக்குத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அப்பா அன்று பின்னேரம் முழுக்க விசிலடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் மரத்தின் உச்சி வெளித்தது. வானம் தெரியாத இடங்களில் வானம் தெரிந்தது. அப்பா முதலில் போன குளிர்காலத்துப் பனிக்கு என்றார், பிறகு பூச்சி என்றார். பால்பண்ணை அன்ரியின் பழைய சாணியைச் சுமந்து கொட்டினார். கோடை முடிகிற நேரம் ஒரு பக்கக் கொப்புகள் முழுக்க மொட்டையாகிவிட்டன.

ஒரு சனிக்கிழமை நான் அவரோடு போயிருந்தேன். அப்பா மரத்தை விட்டுவிட்டுச் சுற்றிவரப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே, போன வெள்ளம் தேங்கி வற்றிய குட்டையடியில் ஒரு மரம், கிளிகள் இருந்த மரம். அது தளதளவென்று நின்றது. அதற்கு அடுத்ததும் பச்சை. அதற்கு அடுத்ததும் பச்சை. குட்டையின் வற்றிய சேற்றில் விரல் உயரத்துக்கு ரெட் கம் கன்றுகள் புல் முளைத்ததுபோல முளைத்திருந்தன. கட்டுக்குள் ஒன்றுகூட இல்லை. அப்பா கட்டின் மேல் குந்தியிருந்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நீ சொன்னது சரி. அது மருதுதான்" என்றார். "தண்ணியிலதான் அதின்ர சீவன். நான் சுத்திவரக் கட்டுக் கட்டிப் பட்டினி போட்டிருக்கிறன்."

கட்டை வெட்டவேண்டும். இது உங்களுக்குச் சாதாரண வேலையாகத் தெரியும். ஊரில் குளக்கட்டை வெட்டுகிறவன் கொலைகாரனுக்கு ஒப்பு. அப்படி வெட்டப் போனவர்களை அப்பா பொலிசில் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அவரே தன் கட்டை, தன் கையால் வெட்டவேண்டும். வெட்டினால் பிள்ளையார் மறுபடி தண்ணீருக்குள் போவார். அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது என்றும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு கிழமை மண்வெட்டியைக் கராஜ் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார், வந்தார்.

அம்மாதான் முடித்து வைத்தார். "ஊரில மழை இல்லாட்டில் மூலஸ்தானத்தை அடைச்சு, பிள்ளையாரைத் தண்ணிக்குள்ள மூழ்க விடுறேல்லையே? அவருக்குத் தண்ணி பழக்கம். போய் வெட்டுங்கோ."

மன்னார் அங்கிள் கூட வந்தார். நாம் வேலியோரம் நின்றோம். அப்பா செருப்பைக் கழற்றி, கட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஓடைப்பக்கமாக முதல் வெட்டு வெட்டினார். நாம் மிதித்து இறுக்கிய களி கல்லாகியிருந்தது. மண்வெட்டி தெறித்தது. இரண்டு பேரும் மாறி மாறி வெட்டி, ஒரு ஆள் நடந்து போகிற அகலத்துக்கு வாசல் திறந்தார்கள். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனி வரட்டும்" என்றார்.

அந்த மாரியில் நல்ல மழை. மழை பெய்கிற பொழுதெல்லாம் அப்பா குடையோடு ஓடைக்கரையில் நின்றார். தண்ணீர் மண்ணிறமாக, வேகமாக, இரைச்சலோடு வந்தது. ஆழமாக வெட்டிய புது வழியில் நேரே போனது. கரைக்குப் பாதி உயரம்கூட ஏறவில்லை. வசந்தம் வந்தது. பள்ளம் காய்ந்தே கிடந்தது. தவளைச் சத்தம் கேட்கவில்லை. தெருவில் எல்லாரும் நல்லதாய்ப் போச்சு, இனி வெள்ளம் இல்லை என்றார்கள். உங்கள் வீடுகளிலும்தான்.

கடைசியில் வாளியால் இறைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடையிலிருந்து மரம்வரை வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி. அம்மாமார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்கள். பால்பண்ணை அன்ரியும் வந்தார். ஒரு காட்டுக்கே குடிக்கக் கொடுக்கிற வெள்ளத்தை வாளியில் கொண்டுவர முடியாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் விளங்கியிருக்கும். யாரும் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா மண் ஊறுகிறதா என்று விரலை விட்டு விட்டுப் பார்த்தார். மேல்மண்ணை நனைத்துவிட்டு வெயில் அதை எடுத்துக்கொண்டது.

மரம் செத்தது. ஒரு நாளில் இல்லை. ஒரு கொப்பு, பிறகு ஒரு கொப்பு. கடைசி இலையும் காய்ந்தபிறகு அப்பா பிள்ளையாரைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அந்த ஒரு வெள்ளம்" என்றார் அம்மாவிடம். "மற்ற மரமெல்லாம் குடிச்சது. இதுக்குக் கிடைக்கவேண்டிய கடைசித் தண்ணியை நான்தான் மறிச்சுக்கொண்டு நிண்டனான். பெருமையா அதுக்கு மேல நடந்தும் திரிஞ்சனான்."

"மற்றதுகள் நிக்குதுதானே" என்றார் அம்மா.

அடுத்த வருடம், நல்ல பள்ளிக்கூடம் ஒன்றின் எல்லைக்குள் வரவேண்டுமென்று நாங்கள் கிளென் வேவர்லிக்கு வீடு மாறினோம். அப்பா அந்தப் பக்கம் பிறகு போகவே இல்லை. மல்கிரேவில் யாருடைய வீட்டுக்குப் போனாலும் சுற்றுப் பாதையால்தான் காரை விட்டார். கோயில் வேலைக்குக் கேட்டு உங்கள் அப்பாமார் வந்தபோது தேத்தண்ணி கொடுத்து, சிரித்துக் கதைத்து அனுப்பிவிட்டு, "நான் கட்டினால் நல்லா வராது" என்று அம்மாவிடம் சொன்னார். அதை அவர்களிடம் சொல்லியிருந்தால் இவ்வளவு மனத்தாங்கல் வந்திருக்காது. சொல்லமாட்டார். கெட்ட ரோசம்.

பிள்ளைகள் வளர்ந்து போனபின் நான் மல்கிரேவுக்கே திரும்பி வந்தேன். அம்மா போனபின் அப்பா என்னோடுதான் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். அந்தப் பள்ளம் இப்போது பூங்கா. தார்ப் பாதை, நாய் கொண்டு நடப்பவர்கள், சைக்கிள்கள். இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அங்கே மரம் நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, திரும்பி வந்தபின் முதல் தடவையாக அந்தப் பக்கம் போனேன். பெரிய மரம் ஒன்றையும் காணவில்லை. வெள்ளெலும்பாய் இரண்டு மூன்று நின்றன. நடுகைக்குப் பொறுப்பான இளம் பெண்ணிடம், இங்கே நின்றவை எங்கே என்று கேட்டேன். ஓடையை ஆழமாக்கியபின் வெள்ளம் ஏறவே இல்லை, சில வருடங்களுக்குள் பள்ளம் முழுவதிலும் பெரிய மரங்கள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன என்றாள். புதுக் கன்றுகளுக்கு இனி மோட்டாரால் தண்ணீர் பாய்ச்சிப் பொய் வெள்ளம் காட்டுவார்களாம்.

எனக்கு வேறொன்றும் மண்டையில் ஏறவில்லை. அப்பா குற்றவாளி இல்லை என்பது மட்டுந்தான் ஏறியது. கட்டு இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மரம் போயிருக்கும். இத்தனை வருடம் ஒரு மனுசன் வீணாய்ச் சுமந்திருக்கிறார். சப்பாத்துச் சேறோடு குசினிக்குள் ஓடினேன். அப்பா தேத்தண்ணியில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்கட கட்டால இல்லை. ஓடையை வெட்டினதாலதான். அங்க நிண்ட எல்லா மரமும் செத்துப்போச்சு. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை."

பிஸ்கட் முறிந்து கோப்பைக்குள் விழுந்தது.

"எல்லாமோ?"

"ஓம் அப்பா."

"குட்டையடியில நிண்டது? கிளி இருந்தது?"

"அதுவும்தான்."

"ஓடைக்கு அங்கால்பக்கம் நிண்டதுகள்?"

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். இவ்வளவு காலமும் அவருடைய தலைக்குள் அந்தக் காடு, ஒரு மரம் குறைய, முழுசாய் நின்றுகொண்டிருந்திருக்கிறது. வெள்ளத்தைக் குடித்துவிட்டு, கிளியும் வாத்துமாய். அதை நான்தான் இப்போது ஒரே வாக்கியத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டு நிற்கிறேன்.

"அது என்ர பிழையாவே இருக்கட்டும் பிள்ளை" என்றார். "அப்ப மற்றதெல்லாம் நிக்கும்."